கோடி போகாத ஏரி

வாசகர் கடிதம்:

“ஐயா, சேர்வராயன் மலை அடிவாரத்தில் நானும் என் மைத்துனரும் மூன்று ஆண்டுகளுக்கு முன் 18 ஏக்கர் மாந்தோப்பு ஒன்றை வாங்கினோம். அதில் ஓடையை மறித்துக் கட்டிய சிறிய ஏரி ஒன்று இருக்கிறது. நீர்ப்பரப்பு இரண்டரை ஏக்கர். மண்கரை 90 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். முந்தைய உரிமையாளர் முப்பது ஆண்டுகளுக்கு முன் தோப்புப் பாசனத்துக்காகக் கட்டியது. இப்போது விடுதி கட்டி, ஏரியில் மிதிபடகு விட்டிருக்கிறோம். படகு தரைதட்டாமல் இருக்க மிகைநீர் வழிந்தோடும் 4 மீட்டர் அகலக் கலங்கலில் பலகை வைத்து நீர்மட்டத்தை 40 சென்டிமீட்டர் உயர்த்தினோம். மீன் போய்விடாமல் நைலான் வலையும் கட்டியிருக்கிறோம். கோடையிலும் ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டு மட்டத்தைக் காக்கிறோம். கரை தண்ணீருக்கு மேல் இரண்டடி நிற்கிறது.

இந்த ஆண்டு கரையின் வெளிப்புற அடியில் ஓரிடத்தில் கோரை முளைத்துத் தண்ணீர் கசிகிறது. பத்து லிட்டர் வாளி அரை நிமிடத்தில் நிறைகிறது. கரைமேல் நீளவாக்கில் ஒரு வெடிப்பும் இருக்கிறது. பழைய இரும்புக் குழாயின் வால்வு இறுகிவிட்டது. கசியும் இடத்தைத் தோண்டிக் களிமண் அடைத்து, மேலே கான்கிரீட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஜே.சி.பி. வைத்திருப்பவர். முப்பது வருடம் நின்ற கரை, ஒன்றும் ஆகாது என்கிறார் மைத்துனர். கரைக்குக் கீழே 400 மீட்டரில் பதினைந்து வீடுகள் இருக்கின்றன. நான் பயப்படுவது சரிதானா? ஏரியில் வளர்க்கும் மீன்களை என்ன செய்வது?”

அன்புள்ள நண்பருக்கு,

பயப்படுவது சரி. ஆனால் நீங்கள் பயப்படும் இடம் சரியில்லை. கடிதத்தில் பாதி அந்தக் கசிவைப் பற்றியே இருக்கிறது. எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது பலகையும் வலையும்தான். இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்தப் பலகைகளைக் கழற்றி எடுங்கள், வலையை அறுத்துவிடுங்கள். மட்டத்தைக் குறைத்த பிறகும் மழை வலுத்தால் தண்ணீர் வெளியேற அந்த வழிதான் இருக்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் மைத்துனருக்கு. முப்பது வருடம் நின்ற கரை என்பது உண்மைதான். ஆனால் முப்பது வருடம் நின்றது வேறோர் ஏரி. பழைய உரிமையாளர் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் தண்ணீரைத் தை முதல் மரங்களுக்குப் பாய்ச்சியிருப்பார். சித்திரையில் அடியில் குட்டைதான் மிஞ்சியிருக்கும். அந்த மாதங்களில் கரை காய்ந்து ஓய்வெடுக்கும். உள்சரிவு வெளியே தெரியும், சரிந்த இடத்தில் நாலு கூடை மண் போட்டுத் திமிசு கொண்டு அடிக்க முடியும். பாசன ஏரி என்றால் தண்ணீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டி ஒருவர் இருப்பார், தண்ணீரை நம்பிய விவசாயிகள் இருப்பார்கள். யாரோ ஒருவர் கண் கரைமேல் இருந்துகொண்டே இருக்கும். உல்லாச ஏரிக்கு இதெல்லாம் கிடையாது. நிறைந்திருப்பதுதான் அதன் அழகு, அதன் வருமானம். ஆண்டு முழுவதும் நிறைந்திருப்பதால் கரைக்குள் ஈரம் மேலே மேலே ஏறி, முன்பு உலர்ந்திருந்த வெளிச்சரிவு வரை வந்துவிடுகிறது. இந்த ஆண்டு கோரை முளைத்தது தற்செயல் அல்ல. மூன்று கோடை காயாமல் ஊறிய கரையின் பதில் அது. மைத்துனர் சொல்லும் முப்பது வருட நற்சான்று பழைய ஏரிக்குச் சொந்தம். உங்கள் ஏரிக்கு வயது மூன்று.

நம் பக்கத்தில் ஏரி நிரம்பி வழிவதைக் கோடி போகிறது என்பார்கள், தெற்கே மறுகால் பாய்கிறது என்பார்கள். ஊரே போய்ப் பார்க்கும், சிலர் பூசை போடுவார்கள். கோடி போவது ஏரி பிழைத்ததற்கு அடையாளம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. படகு விடுகிறவருக்கு அது நஷ்டம். வீணாகப் போகும் தண்ணீர், அதோடு போகும் மீன். ஆகவே உல்லாச ஏரி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும், ஏதோ ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் போல, முதலில் கலங்கலில்தான் கை வைக்கிறார்கள்.

இதை அமெரிக்கப் பணக்காரர்கள் உங்களுக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை, 72 அடி உயரம். கால்வாய்ப் போக்குவரத்துக்காக அந்த மாநில அரசு கட்டியது. ரயில் வந்த பிறகு கால்வாய் பயனற்றுப் போய், அணை கைமாறியது. இடையில் வாங்கிய ஒருவர் அடியில் இருந்த ஐந்து வார்ப்பிரும்பு வெளியேற்றுக் குழாய்களையும் எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். 1879-இல் அது மீன்பிடிக்கவும் படகோட்டவும் சேர்ந்த ஒரு மன்றத்தின் கைக்கு வந்தது. ஆண்ட்ரூ கார்னெகி, ஹென்றி கிளே ஃபிரிக் போன்ற எஃகுத் துறைக் கோடீஸ்வரர்கள் அதன் உறுப்பினர்கள். உடைந்திருந்த பகுதியை மண், சருகு, வைக்கோல் என்று கிடைத்ததைக் கொண்டு அடைத்தார்கள். இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே போகும்படி கரையின் தலையைச் சீவிப் பாதையை அகலப்படுத்தினார்கள். மீன் தப்பாமல் இருக்கக் கலங்கலில் கம்பி வலை போட்டார்கள். அங்கே குதிரை வண்டிப் பாதை, நீங்கள் அனுப்பிய படத்தில் ஜீப் தடம். உங்கள் பலகையைத் தவிர மற்றதெல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான்.

கீழே ஜான்ஸ்டவுனில் இருந்த இரும்பாலையின் தலைவர் டேனியல் மோரல் 1880-இல் ஒரு பொறியாளரை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். குழாயும் இல்லை, பழுது பார்த்ததும் சரியில்லை என்றார் அவர். செலவில் பங்கேற்கிறேன் என்றுகூட மோரல் எழுதினார். உங்களுக்கும் உங்கள் மக்களுக்கும் எங்களால் எந்த ஆபத்தும் இல்லை என்று மன்றத்திலிருந்து பதில் போனது. 1889 மே 31. இரவு முழுவதும் மழை. காலையில் ஆட்கள் கலங்கலில் சேர்ந்த குப்பையை எடுக்கப் போராடினார்கள், முடியவில்லை. தண்ணீர் கரையைத் தாண்டியது, பிற்பகலில் கரை உடைந்தது. 2,209 பேர் இறந்தார்கள்.

அது 72 அடி, நம்முடையது 20 அடிதானே என்று உங்கள் மைத்துனர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா நீர்வீழ்ச்சிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை சுமார் 38 அடி. மின்சாரத்துக்குப் பயன்பட்டு, பிறகு பொழுதுபோக்கு ஏரியாக மட்டும் இருந்தது. 1977 நவம்பர் 6 அதிகாலை, மழைக்குப் பின் உடைந்தது. கீழே ஒரு கல்லூரி வளாகம், 39 பேர் இறந்தார்கள். கொலராடோவில் லான் லேக் அணை 26 அடி. 1982 ஜூலை 15 அன்று உடைந்து மூவரைக் கொன்றது. அங்கே மழையே காரணமில்லை. வெளியேற்றுக் குழாய்க்கும் வால்வுக்கும் இடையே இருந்த ஈயப் பூச்சு கெட்டு, அந்தச் சந்து வழியே நீர் கசிந்து மண்ணைத் தின்றது. இறுகிப்போன உங்கள் வால்வைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது அதுதான். வெளிநாடு எதற்கு, நம் ஊட்டி ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1820-களில் ஜான் சல்லிவன் உருவாக்கியது. அதுவும் நிரம்பி வழிந்து கரை உடைந்து காலியான ஏரிதான். இன்று அங்கே படகில் போகிறவர்களுக்கு அது தெரியாது.

இனி உங்கள் கலங்கலின் கணக்கு. நீங்கள் அனுப்பிய இருப்பிடத்தை வைத்துச் செயற்கைக்கோள் படத்தில் நீர்ப்பிடிப்புப் பரப்பை அளந்தேன். ஏறத்தாழ 50 ஹெக்டேர், அதாவது 125 ஏக்கர் வருகிறது. செங்குத்தான மலைச்சரிவு. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினால், விழுவதில் அறுபது சதவீதம் ஓடிவரும் என்று வைத்துக்கொண்டால், ஏரிக்குள் நொடிக்கு 8 கன மீட்டருக்குச் சற்று மேல் வரும். 100 மில்லிமீட்டரைப் பெரிது என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணிப் பகுதியில் எத்தனை குளக்கரைகள் அன்று போயின என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

உங்கள் 4 மீட்டர் கலங்கலில், பலகைக்கு மேல் இரண்டடி, அதாவது 60 சென்டிமீட்டர் நீர் ஓடினால் நொடிக்கு 3.2 கன மீட்டர் போகும். ஆனால் அந்த 60 சென்டிமீட்டரை நான் நம்பவில்லை. நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பாருங்கள். மழைக்குப் பின் எடுத்தது. கரைமேல் ஜீப் தடத்தில், நடுப்பகுதியில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கரை நடுவில் அமிழ்ந்திருக்கிறது என்று அந்தக் குட்டை சொல்கிறது. மண்கரை எப்போதும் உயரம் அதிகமான நடுப்பகுதியில்தான் அதிகம் அமிழும், வண்டி போனால் இன்னும் அதிகம். கொத்தனாரின் மட்டக் குழாயை வாங்கி, கரை நெடுக ஐந்து மீட்டருக்கு ஒரு முளை அடித்து அளந்து பாருங்கள். ஒரு காலைப் பொழுது வேலை. என் கண்ணுக்குக் கால் மீட்டர் பள்ளம் தெரிகிறது. கரையின் உயரம் என்பது அதன் மிகத் தாழ்ந்த இடத்தின் உயரம்தான். அப்படியானால் உங்களுக்கு மிச்சமிருப்பது 35 சென்டிமீட்டர். அதில் கலங்கல் கடத்துவது நொடிக்கு 1.4 கன மீட்டர். வருவது எட்டு, போவது ஒன்றரைகூட இல்லை. வலையில் சருகும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்தால் அதிலும் பாதி.

பலகையை எடுத்த மாத்திரத்தில் அந்த 1.4 என்பது 4.4 ஆகிறது. காசு செலவில்லாமல் மூன்று மடங்கு. இதனால்தான் முதலில் பலகை என்றேன். நிரந்தரத் தீர்வு, கரையின் பள்ளத்தை நிரவி, கலங்கலை 12 மீட்டராக அகலப்படுத்துவது. அப்போது எட்டு கன மீட்டரும் 55 சென்டிமீட்டர் ஆழத்தில் போய்விடும். கரைக்கு இன்னும் 45 சென்டிமீட்டர் மிஞ்சும். அலை அடிக்க, மரக்கிளை அடைக்க, நான் போட்ட கணக்கு தவறாக இருக்க, அந்த இடம் வேண்டும். கலங்கலை அகலப்படுத்தாமல் கரையை மட்டும் உயர்த்திவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உடையும்போது இன்னும் அதிகத் தண்ணீரோடு உடையும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மண்கரைமேல் தண்ணீர் ஏறி வழிந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்லணை போன்ற கற்கட்டு மேலே வழிந்தாலும் தாங்கும். மண் தாங்காது. வெளிச்சரிவில் புல்லைப் பிடுங்கிக்கொண்டு முதலில் ஒரு சிறு வாய்க்கால் விழும். அது கீழிருந்து மேலாகத் தின்றுகொண்டே வந்து கரையின் தலையைத் தொடும்போது கதை முடிந்துவிடும். உங்கள் ஏரியில் இருப்பது சுமார் 20,000 கன மீட்டர், இரண்டு கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் 1,650-க்கு மேல். அதில் பெரும்பகுதி ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும். முதல் அலை அந்தப் பதினைந்து வீடுகளை அடைய இரண்டு மூன்று நிமிடம் போதும்.

இப்போது கசிவுக்கு வருகிறேன். நிமிடத்துக்கு 20 லிட்டர், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 29,000 லிட்டர். எண் பெரிதாகத் தெரிந்தாலும் அதுவே ஆபத்து அல்ல. கசியாத மண்கரை உலகில் இல்லை. கேட்க வேண்டியவை இரண்டு: கசிவு கூடுகிறதா, மண்ணைக் கொண்டுவருகிறதா? வாளிக் கணக்கை நாள்தோறும் ஒரே நேரத்தில் எடுத்து, பக்கத்தில் அன்றைய ஏரி மட்டத்தையும் மழையையும் எழுதுங்கள். ஏரி மட்டம் அதேதான், மழையும் இல்லை, ஆனால் வாளி முன்பைவிடச் சீக்கிரம் நிறைகிறது என்றால் உள்ளே வழி அகலமாகிறது என்று பொருள். ஒரு வெள்ளைத் தண்ணீர் பாட்டிலில் கசிவு நீரைப் பிடித்து இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் வண்டல் படிந்திருந்தால் அது உங்கள் கரை. கரைந்து கரைந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது. உள்ளரிப்பு என்று இதற்குப் பெயர். வெளிமுனையில் தொடங்கி, எலி வளை தோண்டுவது போல உள்நோக்கிப் போகும். ஏரியைத் தொட்ட அன்று வேகம் எடுக்கும்.

ஜே.சி.பி.க்காரர் சொல்லும் வைத்தியத்தை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. நீர் நிறைந்திருக்கும்போது கரையடியைத் தோண்டுவது, ஊறிய சரிவைத் தாங்கி நிற்கும் காலை வெட்டுவது. கரை உங்கள் கண் முன்னால் சரியக்கூடும். தப்பித் தவறிச் சரியாவிட்டாலும், வெளிவாயைக் களிமண்ணாலும் கான்கிரீட்டாலும் அடைத்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் எங்கே போகும்? பக்கத்தில் இன்னும் பலவீனமான இடத்தைத் தேடும். நீரை அடைப்பது ஏரிப்பக்கத்து வேலை. வெளிப்பக்கம் செய்ய வேண்டியது, நீரைப் போகவிட்டு மண்ணை நிறுத்துவது. சோறு வடிக்கும்போது வடிதட்டு செய்வதும் இதுதான்: கஞ்சி போகட்டும், பருக்கை நிற்கட்டும். கசியும் இடத்தில் முதலில் நல்ல ஆற்று மணல், அதன் மேல் பொடி ஜல்லி, அதன் மேல் 20 மில்லிமீட்டர் ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேலே எடைக்குக் கருங்கல். ஒவ்வொரு அடுக்கும் ஓரடி. தோண்டாமல், கோரையை மட்டும் அறுத்துவிட்டு மேலே போடுங்கள். மணலுக்குப் பதிலாகச் செம்மண் போட்டால் போட்டதே வீண். ஜல்லியை முதலில் போட்டுவிட்டு மணலை மேலே போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். வடிதட்டைக் கவிழ்த்து வைத்த கதை அது.

இதுவும் அவசர ஏற்பாடுதான். முறையான வடிகால் அமைப்பு பிறகு, தண்ணீர் இறங்கிய பின்.

ஆம், தண்ணீரை இறக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் குறைந்தது ஒன்றரை மீட்டர். பழைய வால்வைக் கம்பி போட்டு நெம்பித் திறக்கப் பார்க்காதீர்கள். வால்வு வெளிமுனையில் இருப்பதால் கரைக்குள் போகும் குழாய் முழுவதும் முப்பது வருடமாக அழுத்தத்திலேயே இருக்கிறது. துரு எங்கே தின்றிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வால்வு கையோடு வந்துவிட்டால் நிறுத்த வழியில்லை. கரைமேலாகச் சைஃபன் போடுங்கள், அதாவது மோட்டார் இல்லாமல் மேட்டைத் தாண்டித் தண்ணீரைத் தானே இழுத்து இறக்கும் குழாய். 4 அங்குலப் பிளாஸ்டிக் குழாய் இரண்டு போதும். வெளிமுனை கரையடியைத் தாண்டி, ஓடையில் பாறை உள்ள இடம் வரை போக வேண்டும். கரையடியிலேயே கொட்டினால் புதிதாக ஒரு பள்ளம் பறித்துவிடும். நாளுக்கு ஓரடிக்கு மேல் இறங்க விடாதீர்கள். வெளியே நீர் வேகமாக இறங்கி, கரைக்குள் ஊறிய நீர் இறங்காமல் இருந்தால் உட்சரிவு பெயர்ந்து ஏரிக்குள் விழும். உங்கள் கரைமேல் நீளவாக்கில் போகும் வெடிப்பு எனக்கு இந்தச் சந்தேகத்தைத்தான் தருகிறது. வெடிப்பு ஏரிப்பக்க ஓரத்தில் இருக்கிறது என்பது படத்தில் தெரிகிறது. படகுத் துறை கட்டும்போது தண்ணீரை மோட்டார் வைத்து அவசரமாக இறைத்தீர்களா? அதைக் கடிதத்தில் எழுதவில்லை.

வெறும் காய்ச்சல் வெடிப்பாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க எங்கள் காலத்து வழி ஒன்று இருக்கிறது. வெடிப்பில் நீர்த்த சுண்ணாம்புக் கரைசலை ஊற்றுங்கள். மறுநாள் பக்கத்தில் கையால் சிறு குழி வெட்டிப் பாருங்கள். வெள்ளைக் கோடு எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு ஆழம் வெடிப்பு. ஓரடி, ஒன்றரை அடியில் செங்குத்தாக நின்றுவிட்டால் வெயிலின் வேலை. வளைந்து ஏரிப்பக்கம் ஆழமாகப் போனால் சரிவு தொடங்கிவிட்டது. இரு பக்கமும் முளை அடித்து இடைவெளியை வாரம் ஒருமுறை அளங்கள். அதுவரை மழைநீர் இறங்காமல் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், ஜீப்பை நிறுத்துங்கள். நீளவாக்கு வெடிப்பை விடக் குறுக்கு வெடிப்பு மோசம், ஏரியிலிருந்து வெளியே நேர்வழி அது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே தண்ணீரை இறக்கத் தொடங்குங்கள்.

மரங்கள். கரைமேல் நிழலுக்காகச் சில்வர் ஓக்கும் தைலமரமும் வளர விட்டிருக்கிறீர்கள். புயலில் ஒரு மரம் வேரோடு சாய்ந்தால் கரையில் ஒரு லாரி மண் அதோடு வந்துவிடும். ஆனால் பயந்துபோய் நாளைக்கே எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். வெட்டிய மரத்தின் வேர் உள்ளே மக்கி, சில ஆண்டுகளில் வெற்றுக் குழாயாகிவிடும். கை மணிக்கட்டு அளவு செடிகளை இப்போதே அறுக்கலாம். பெரியவற்றை, ஏரியை இறக்கிய பின் கோடையில், வேரோடு தோண்டி எடுத்து, குழியை அடுக்கு அடுக்காகக் கெட்டித்து மூட வேண்டும். நம் முன்னோர் ஏரிக்கரையில் பனையை வைத்தார்கள் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். பனையின் வேர் நார்க்கற்றை, தைலமரத்தின் வேர் அப்படி அல்ல.

நண்டு வளைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படத்தில் இருக்கின்றன. 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி மாவட்டத்துத் திவரே என்ற சிறிய அணை உடைந்து சுமார் இருபது பேர் இறந்தபோது, நண்டுகள்தான் காரணம் என்று ஓர் அமைச்சர் சொல்லி நாடே சிரித்தது. கசிவு இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். சிரிப்பு நியாயமானதுதான். இருந்தாலும் நண்டு வளை என்பது கரைக்கு உண்மையான தொல்லை. வளைகளைத் தோண்டிக் களிமண் திணித்து அடிக்க வேண்டும். பழியை மட்டும் நண்டின் மேல் போடக்கூடாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. நான் வக்கீல் அல்ல. 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும்தான் சொல்கிறது. உங்கள் 6 மீட்டர் கரையை ஆண்டுதோறும் பார்வையிட அந்தச் சட்டப்படி யாரும் வரமாட்டார்கள். அதற்காக மகிழ வேண்டாம், பார்க்கும் ஒரே ஆள் நீங்கள் என்றுதான் அதற்குப் பொருள். உடைந்தால் பொறுப்பு யாருடையது? கார்வேட்டிநகரம் ஜமீனின் இரண்டு ஏரிகள் உடைந்து ரயில் பாதையைச் சேதப்படுத்திய வழக்கில், பிரிட்டிஷ் காலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1874-இல் ஜமீன்தாரை விடுவித்தது. அவை பழங்காலப் பாசன ஏரிகள், மக்கள் நலனுக்காக அவற்றைக் காப்பது அவர் கடமை, அதில் அவர் அலட்சியம் காட்டவில்லை என்பது காரணம். மிதிபடகுக்குப் பலகை வைத்தவருக்கு அந்தக் காரணங்களில் ஒன்றுகூடக் கிடைக்காது. மேற்கொண்டு ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.

வக்கீலைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பதினைந்து வீடுகளுக்குப் போங்கள். போன் செய்யாதீர்கள், நேரில் போங்கள். ஏரியின் நிலை இது, தண்ணீரை இறக்குகிறோம், கனமழை இரவில் இந்த மேட்டுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு வீட்டின் எண்ணும் உங்கள் இரவுக் காவலாளியிடம் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். விடுதியின் பெயர் கெட்டுவிடும் என்று மைத்துனர் தயங்குவார். லான் லேக்கில் அன்று மூவரோடு போனதற்குக் காரணம், அதிகாலையில் குப்பை எடுக்க வந்த தொழிலாளி ஒருவர் மலையில் கேட்ட சத்தத்தை அலட்சியம் செய்யாமல் போன் செய்து எச்சரித்ததுதான். உங்கள் காவலாளிக்கு மூன்று அடையாளங்களைச் சொல்லிக்கொடுங்கள்: கசிவு நீர் மண் கலந்து வந்தால், கரையில் புதிதாக ஓரிடம் அமிழ்ந்தால், தண்ணீர் கரைத் தலைக்கு ஓரடிக்குள் வந்தால். இவற்றில் எது நடந்தாலும் உங்களைக் கேட்காமலே வீடுகளை எழுப்ப அவருக்கு அதிகாரம் கொடுங்கள். மணல் மூட்டை அடுக்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

படகுகளைக் கோடை வரை கரையேற்றி வையுங்கள். மண்கரை அனுபவமுள்ள ஒரு பொறியாளரைக் கூப்பிட்டு மண்ணைத் துளையிட்டுச் சோதித்து, கலங்கல், வடிகால், புதிய மதகு மூன்றுக்கும் வரைபடம் போடச் சொல்லுங்கள். அந்த இரும்புக் குழாயைச் சிமெண்ட் பால் செலுத்தி நிரந்தரமாக மூடச் சொல்வார் என்று நினைக்கிறேன். பழைய ஒப்பந்தக்காரர் கரைக்கு நடுவே களிமண் சுவர் வைத்தாரா, அடியில் பாறை வரை பள்ளம் எடுத்தாரா என்று முந்தைய உரிமையாளரைக் கேட்டு வையுங்கள். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.

கடைசியாக மீன் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வலையை எடுத்தால் கட்லாவும் ரோகுவும் ஓடையோடு போய்விடும். ஆகவே மட்டம் இறங்கும் அந்த ஒரு வாரத்திலேயே பிடித்து விற்றுவிடுங்கள். சைஃபன் குழாய் வாங்கிய செலவில் ஒரு பகுதியாவது திரும்பும். மட்டக் குழாய் வைத்து எடுத்த அளவுகளையும், இரவெல்லாம் வைத்த பாட்டிலின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள்.